எலிக்கு குடல் புண் ஆறுன செய்தி பத்தி

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல மூலிகை சாறு குடுத்து எலிக்கு குடல் புண் ஆறிருச்சுனு பெருசா போட்டிருந்தீங்க. அதை படிச்சிட்டு எங்க தெருவுல அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு, அதாவது பெருங்குடல்ல அழற்சியும் புண்ணும் வருத நோய்க்கு, மாத்திரை சாப்புடுத ஒரு அக்கா மாத்திரைய நிப்பாட்டிட்டு அந்த செடிய தேடிக்கிட்டு இருக்காங்க. அதான் எழுதுதேன். நான் பாளையங்கோட்டையில திசு ஸ்லைடு போடுத லேப்ல வேலை பாக்குதேன், எலிக் குடலும் எங்க கைக்கு வரும்.

செய்தியில புண்ணை எப்படி வரவச்சாங்கனு ஒரு வார்த்தை இல்ல. பெரும்பாலும் டிஎஸ்எஸ்ங்கிற பொடிய குடிதண்ணில கலந்து ஒரு வாரம் போல குடுப்பாங்க, 1990ல இருந்து இருக்குத முறை, பெருங்குடலோட உள்தோல் அரிச்சு ரத்தமா போகும். ஆனா நல்ல தண்ணிக்கு மாத்திட்டா அந்தப் புண்ணு கொஞ்ச நாள்ல தானாவே ஆற ஆரம்பிச்சிரும், அப்ப மருந்தை எப்ப குடுத்தாங்கங்கிறதுதான் கேள்வியே. இன்னொண்ணு, சாற்றையும் அதே தண்ணிலயே கலந்தா கசப்புக்கு எலி கம்மியா குடிக்கும், பொடியும் கம்மியாத்தான் உள்ள போகும், புண்ணும் கம்மியாத்தான் இருக்கும். எலி எவ்வளவு தண்ணி குடிச்சுதுனு அளந்தாங்களா? மனுசனுக்கு வருத கொலைட்டிஸ் வருசக்கணக்கா போயிப்போயி திரும்ப வருதது. வேற வகை எலியும் இருக்கு: அழற்சிய அடக்குத ஐஎல்-10ங்கிற ஜீனை எடுத்துட்டா எலிக்கு தானா குடல் அழற்சி வரும்னு 1993லயே காட்டிட்டாங்க, கிருமியே இல்லாத கூண்டுல வளத்தா அதே எலிக்கு அது வராது. எந்த எலிங்கிறதுல அம்புட்டு வித்தியாசம் இருக்கு.

அடுத்து ஸ்லைடு. டிஎஸ்எஸ் புண்ணு குடல் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, கடைசிப் பக்கம்தான் அதிகம், அங்கயும் திட்டுத் திட்டா இருக்கும். ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பாத்தா புண்ணு இல்லாத இடம் மாட்டினாலும் மாட்டும். அதனால குடலை நீளவாக்குல கீறி கழுவி, விரிச்சு, மெல்லிசான குச்சியில முக்கூடல் பக்கம் பீடி சுத்துத மாதிரி சுத்தி, ஃபார்மலின்ல போட்டு மெழுகுல பதிச்சு, நாலஞ்சு மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கனத்துல சீவுவோம். சுவிஸ் ரோல்னு சொல்லுவாங்க, 1981ல இருந்து இருக்கு. இப்படி செஞ்சா மொத்த பெருங்குடலும் ஒரே ஸ்லைடுல வந்துரும். சுத்துததுல கோணிச்சுனா கிரிப்ட்டெல்லாம் (உள்தோல்ல குழாய் மாதிரி இருக்குத சின்னக் குழி) குறுக்க வெட்டுப்பட்டு நல்ல குடலே கெட்டது மாதிரி தெரியும், அதுக்குப் பொறுமை வேணும். சாயம் போட்டு பாத்தா நல்ல குடல்ல கிரிப்ட்டு வரிசையா நிமிந்து நிக்கும், நடுநடுவ சளி சுரக்குத செல்லு வெளிறித் தெரியும். அழற்சி வந்தா அந்த வெளிறுன செல்லு கொறஞ்சு போயி, வெள்ளணுக்கள் கூட்டமா வந்து சேரும். அது உள்தோல்லயா அதுக்கு அடியிலயா தசை வரைக்குமானு எவ்வளவு ஆழம் போயிருக்குங்கிறதுதான் முக்கியம். அதுக்கும் தோல் உரிஞ்சதுக்கும் சேத்து மார்க் போடுவாங்க. எந்த மாதிரி எலிக்கு எந்த மார்க் முறைனு 2014ல பெர்லின்ல உள்ள குழு ஒண்ணு தெளிவா கட்டுரையே எழுதியிருக்கு.

மார்க் போடுதவருக்கு எது மருந்து குடுத்த எலி எது குடுக்காத எலினு தெரியவே கூடாது. தெரிஞ்சா மனசு சாயும், எவ்வளவு நேர்மையான ஆளா இருந்தாலும் சாயும். ஸ்லைடுல நம்பர் மட்டும் ஒட்டித்தான் நாங்க குடுப்போம்.

சித்த மருந்தை கொறை சொல்லுதேன்னு நினைக்காதீங்க. 1964ல இருந்து சித்தா காலேஜ் இருக்குத ஊர்க்காரன் நான், நம்ம செடிக்கு நல்ல சோதனை நடக்கணும்னுதான் ஆசைப்படுதேன். இனிமே இந்த மாதிரி செய்தி போடும்போது எந்த வகை எலி, மருந்தை புண்ணுக்கு முன்னாடி குடுத்தாங்களா பின்னாடியா, ஸ்லைடு பாத்தவருக்கு குரூப் தெரியுமானு கேட்டு ரெண்டு வரி சேத்துப் போடுங்க. வெளிக்கிப் போகும்போது ரத்தம் போகுதவங்க ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில போயி காமிங்கனும், டாக்டரைக் கேக்காம மாத்திரைய நிப்பாட்டாதீங்கனும் அதே பக்கத்துல போட்டா அந்த அக்கா கண்ணுல படும்.

இப்படிக்கு,
லேப் டெக்னீசியன் ஒருவர்,
பாளையங்கோட்டை.