வட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இதய ஸ்கேன் வசதி கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற அரசு செவிலியர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கடலூர்.

பொருள்: அவசரப் பிரிவுகளில் இரவிலும் இதய ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) கருவியும், பணி மருத்துவர்களுக்குப் பயிற்சியும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்த என் தம்பிக்குச் சென்ற முந்திரிப் பருவத்தில் ஓர் இரவு கடும் மூச்சுத் திணறல் ஏற்பட, அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். நெபுலைசர் வைத்தார்கள், நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்று கருதி, நீர் பிரிவதற்கான ஊசியும் போட்டார்கள். ரத்த அழுத்தம் 80-க்கு இறங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தும் அவருடைய கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்து நின்றதை நான் எடுத்துச் சொன்னேன். ஆனால் ஸ்கேன் அறை பூட்டியிருந்தது, காலையில்தான் திறக்கும் என்றார்கள். 108 ஊர்தியில் புதுச்சேரி போய்ச் சேர்ந்ததும், அங்கிருந்த மருத்துவர் நெஞ்செலும்பின் கீழ்முனையை ஒட்டி, உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் புரோபை வைத்து, துடிக்கும் இதயத்தைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரிந்த நீரை எனக்கும் திரையில் காட்டினார். ஊசி வழியே அதை வெளியேற்றிய பிறகே தம்பி பிழைத்தார்.

இதய உறைக்குள் இயல்பாக 15 முதல் 50 மில்லி வரை நீர் இருக்கும். மெல்லச் சேர்ந்தால் ஒரு லிட்டரைக்கூட அந்த உறை தாங்கும். வேகமாகச் சேர்ந்தாலோ 200 மில்லியே இதயத்தை விரியவிடாமல் நெரித்துவிடும். அந்நிலையில் நீர் பிரிக்கும் மருந்து கொடுத்தால், இதயத்திற்குத் திரும்பும் ரத்தம் இன்னும் குறைந்து ஆபத்து கூடும். ரத்த அழுத்தம் குறைதல், கழுத்து நரம்பு புடைத்தல், இதய ஒலி மங்குதல் என 1935-இல் பெக் என்ற அறுவை மருத்துவர் கூறிய மூன்று அடையாளங்களும் எல்லோரிடமும் ஒருசேரத் தோன்றுவதில்லை. ஆட்கள் நெருக்கியடிக்கும் அவசரப் பிரிவில் மங்கிய இதய ஒலியை ஸ்டெதாஸ்கோப்பில் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை என் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். அன்றிரவு பணியில் இருந்த மருத்துவரை நான் குறை கூறவில்லை. பார்த்தறிய அவர் கையில் கருவி இல்லை.

ஆகவே, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முறையாகப் பதிவு செய்த, இதயத்தைப் பார்ப்பதற்கான புரோபுடன் கூடிய ஸ்கேன் கருவி ஒன்றை ஒவ்வொரு வட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் இரவு பகலாகக் கிடைக்கும்படி வைக்கவும், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியின் வழியாகப் பணி மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நீரை ஊசியால் எடுக்கும் வசதி எல்லா ஊரிலும் இருக்க இயலாது என்பதை அறிவேன். நீர் இருப்பது தெரிந்துவிட்டால், தவறான ஊசியைத் தவிர்த்து, நோயாளி போய்ச் சேரும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி ஆயத்தப்படுத்த முடியும். இதய உறைக்குள் நீர் சேரும் வாய்ப்புள்ள காசநோயாளிகளும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் மூச்சுத் திணறலுடன் வந்தால், முதலில் இதயத்தை ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்ற எழுத்துப்பூர்வமான அறிவுறுத்தலையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் ஒப்பம்)