மேலுக்குச் சரியில்லை

சேரன்மகாதேவி,
சித்திரை மாதம்

அன்புள்ள பொன்னு,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு, போனில் வேண்டாம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வாய்க்காலே கதி என்று கிடக்கிறான். மருந்து அரைக்கிற என் கல்வம் நலம். உன் மாமியார் முழங்காலுக்கு அனுப்பிய தைலம் உடையாமல் வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுது. நமக்கு மருந்துச்சரக்குப் பாடம் எடுத்த குணபாடம் சாரை வண்ணார்பேட்டையில் பார்த்தேன். என்னை விசாரிப்பதற்கு முன்னால், "அந்த அரிசித்திப்பிலி எங்கே இருக்கா இப்ப?" என்று உன்னைத்தான் கேட்டார். உன் பட்டப்பெயரை மறக்கவே மாட்டார் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்தமடை லாத்தாவை நினைவிருக்கிறதா? உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயர் போட்டுப் பாய் நெய்து தந்தாரே, அவர்தான். உன் பெயரில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போய், அதற்கு நீ மண்டபத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். பயப்படாதே, ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆரம்பக் கட்டம்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அது தெரிந்த விதத்தை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு மழை நாள். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "மேலுக்குச் சரியில்ல டாக்டரம்மா. இடுப்பு கழண்டு போவுது." ஐம்பத்தாறு வயது. முப்பத்தைந்து வருஷமாகத் தறியில் குனிந்த முதுகு, வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். நாடி பார்த்தேன், வாதம் தூக்கலாக ஓடியது. நாக்கு வெளுத்திருந்தது, அதையும் பார்த்தேன். பூசிக்கொள்ள உளுந்துத் தைலம், பாலில் சாப்பிட அமுக்கராச் சூரணம். மொத்தம் பத்து நிமிஷம். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

தை மாதம் திரும்ப வந்தார். இடுப்பு பரவாயில்லை என்றார். மருந்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, அப்புறம் திரும்பி நின்று சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார், பொன்னு. "நின்னு போனது மறுபடி வருது டாக்டரம்மா. நோன்புப் பெருநாள் கழிஞ்சதிலேருந்தே வருது. உடம்பு இளமையாவுதுன்னு பக்கத்து வீட்ல சொல்லுதாவ."

தீட்டு நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசியில் என் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷமும் அது இருந்திருக்கிறது. வெளுத்த நாக்கைப் பார்த்த நான், ஏன் வெளுத்தது என்று கேட்கவில்லை.

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்கிற எண்வகைத் தேர்வை விடுதி மாடியில் நடந்து நடந்து உருப்போட்டோமே. நாடி, தொட்டுப் பார்க்கிற பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். மொழிக்கு என்ன எழுதினோம்? குரல் உரத்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று எழுதி மார்க் வாங்கினோம். நம் ஊர்ப் பெண்கள் பேசுகிற மொழி அதில் இல்லை. இங்கே ஒருத்தி "சூடு" என்றால் அநேகமாக வெள்ளைப்படுதல். "அலுப்பா இருக்கு" என்றால் உடம்பில் ரத்தம் இல்லை. "இடுப்பு கழலுது" என்றால் பெரும்பாடாக, அதாவது தீட்டு அளவுக்கு மீறிப் போவதாக இருக்கலாம், கர்ப்பப்பை இறங்கியிருக்கலாம், வெறும் இடுப்பு வலியாகவும் இருக்கலாம். "மேலுக்குச் சரியில்லை" என்பதற்குள் எல்லாமே அடக்கம். என் அம்மாவும் இப்படித்தான் பேசுகிறாள். இந்த மொழியில் வளர்ந்துவிட்டு நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அன்றைக்கே பர்தாவோடு ஆட்டோவில் ஏற்றி ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கர்ப்பப்பை உள்வரி 14 மில்லிமீட்டர். அப்புறம் சதைப் பரிசோதனை, ரிசல்ட், மகன் கத்தாரிலிருந்து போனில் அழுதது, காப்பீட்டு அட்டையில் பெயர் தப்பாக இருந்ததற்கு அலைந்தது எல்லாம் ஒரு மாதம். மாசிக் கடைசியில் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். முந்தின நாள் ராத்திரி அவருடைய பையில் துணி எடுக்கும்போது ஒரு டப்பா கையில் பட்டது. லேபிள் இல்லாத லேகியம். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் என்று யாரோ விற்றது, ஆறு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நான் கோபித்துக்கொள்வேன் என்று பயமாம்.

நம்மோடு படித்த நெட்டையனிடம் இதைச் சொன்னேன். "எடுத்தவுடனே அங்கே ஏன் அனுப்பினே? அசோகப்பட்டைக் கஷாயம் ஒரு மண்டலம் கொடுத்துப் பார்த்திருக்கலாமே" என்றான். இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக அவனிடம் கத்திவிட்டேன். நீ அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லு, என்மேல் வருத்தத்தில் இருக்கிறான். ஆனால் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். பெரும்பாட்டுக்கு அசோகப்பட்டை கொடுக்கிறவள்தான் நான். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் முதல் வேலை ஸ்கேன், உள்வரி 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சதை எடுத்துப் பார்க்கவேண்டும். பத்தில் ஒன்பது பேருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது; உள்வரி வறண்டு மெலிந்து கசிவதுதான் அதிகம். மிச்சம் உள்ள ஒருத்திக்கு நாம் பட்டையைக் கொடுத்து, ரத்தம் கொஞ்சம் அடங்கிவிட்டால் என்ன ஆகும்? குணமாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். மருந்து கேட்கவில்லை என்றாலாவது வேறு இடம் போவாள். பாதி கேட்கிற மருந்துதான் அங்கே ஆளைக் கொல்லும். இதை நம் ஜூனியர் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அப்புறம் இன்னொன்று நடந்தது. அதை எழுதத்தான் இந்தக் கடிதமே.

லாத்தா வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். கொட்டகையில் அவர் மகளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேரும் வேலையாக இருந்தார்கள். லாத்தா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மேற்பார்வை. கோரையைக் கீறி, உள்ளே பஞ்சு மாதிரி இருப்பதைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, மயிரிழை மாதிரி ஆக்குகிறார்கள். அதைக் கட்டு கட்டாக ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போட்டு வைத்து, உப்பிய பிறகு எடுத்துக் காயவைக்க வேண்டும். நின்ற தண்ணீர் ஆகாது, கறுத்துப்போகும். சிவப்புக்கு முன்பெல்லாம் சப்பங்கக் கட்டையைக் கொதிக்க வைத்துத்தான் சாயம் ஏற்றுவார்களாம். மலையாளத்தில் பதிமுகம் என்று குடிதண்ணீரில் போடுவார்களே, அதே கட்டை. லாத்தாவின் உம்மா சாயப்பானை கொதிக்கும்போது தனியாக ஒரு தம்ளர் எடுத்துவைத்து, அதிகமாகத் தீட்டுப் போகிற பெண்களுக்குக் கொடுப்பாராம். சாயமும் மருந்தும் ஒரே அடுப்பில். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

நான் கீழே உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல் ஒரு கத்தியை வாங்கிக் கோரை கீறினேன். எதிரே இருந்த பெண் தலை நிமிராமலே சொன்னாள், "எனக்கும் மாசம் பதினஞ்சு நாள் போவுது அக்கா." அடுத்தவள் அதற்குப் பதில்போல, இருமினால் சிறுநீர் வந்துவிடுகிறது, வெளியூர் போய் மூன்று வருஷம் ஆகிறது என்றாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கோரையில். என் மேஜைக்கு முன்னால் இருபது வருஷமாக வராத பேச்சு, ஒரு கட்டுக் கோரை முடிவதற்குள் வந்துவிட்டது.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஒரு சாக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கோடு அங்கே போகிறேன். லாத்தாதான் அந்த யோசனையைச் சொன்னார், "கோரையை நீங்க பாழாக்குதீய, உங்க கிழங்கைக் கொண்டாங்க" என்று. வட்டமாக உட்கார்ந்து தோல் உரிக்கிறோம். ஈரமாக இருக்கும்போதே நுனியில் நகத்தால் கீறி இழுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும்; அப்புறம் நடு நரம்பைப் பிடித்து ஒரே இழுப்பு. பாய்க்காரப் பெண்கள் கையில் அது அறுபடாமல் முழுசாக வருகிறது. எனக்கு இன்றைக்கும் பாதியில் அறுகிறது. அந்தக் கிழங்கை இடித்துச் சாறு எடுத்து, பால் சேர்த்து, நெய்யில் காய்ச்சுகிறேன். போன வாரம் பதம் பார்க்க அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நெய்யின் சலசலப்பு அடங்கியதும் அடியிலிருந்து வண்டலைக் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் திரி மாதிரி திரள வேண்டும், நெருப்பில் போட்டால் சடசடக்காமல் எரிய வேண்டும். லாத்தாவின் மகள் உருட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி" என்றாள். சரியாகச் சொன்னாள்! பதம் தெரியாமல் நெய்யைக் கருக்கிவிட்டு வார்டன் அம்மாவிடம் நாம் மாட்டிக்கொண்ட நாள் நினைவுக்கு வந்தது.

கிராம சுகாதாரச் செவிலியரும் இப்போது கூட வருகிறார். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) பார்த்ததில் பாதிப் பேருக்கு மேல் 12 கிராமுக்குக் கீழே. நாட்டு நடப்பும் அதுதான். 2019-21 குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. புத்தகத்தில் படிக்கும்போது எண்ணாக இருந்தது, இங்கே கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்கிறேன், தாள் மாதிரி வெள்ளை. 7க்கும் கீழே இருந்த ஒருத்தியை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மற்றவர்களுக்குச் செவிலியர் தருகிற இரும்பு மாத்திரையையே சாப்பிடச் சொன்னேன். அன்னபேதிச் செந்தூரத்தைத் தனியாகக் கொடுக்கவில்லை, இரண்டும் இரும்புதானே. சோற்றோடு டீ குடிப்பதை நிறுத்தி, அந்த நேரத்தில் ஒரு நெல்லிக்காய் என்றேன். டீயை நிறுத்தச் சொன்னதற்குத்தான் பெரிய எதிர்ப்பு.

எனக்கு ஆறாத ஒன்று களி. பிள்ளை பெரிய மனுஷி ஆனால் தொலி உளுந்து வறுத்துத் திரித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிப் பதினாறு நாள் ஊட்டுகிறோம். மாமன் சீர், பந்தல், பூ, எல்லாம். பேறுகாலத்துக்கு நாற்பது நாள் காய மருந்து கிண்டிக் கொடுக்கிறோம். அத்தோடு சரி. அப்புறம் முப்பது நாற்பது வருஷம் மாதாமாதம் ரத்தம் போகிறது, அவள் தட்டில் எல்லோரும் தின்ற மிச்சம். அந்த உளுந்தும் கருப்பட்டியும் அவளுக்கு வாரம் ஒரு நாள் கிடைக்கக் கூடாதா? லாத்தா வீட்டில் சனிக்கிழமை இப்போது களி கிண்டுகிறார்கள். வீட்டு ஆண்களுக்கு அன்று கிடையாது என்று லாத்தா சட்டம் போட்டுவிட்டார்.

பொன்னு, நீ ஆனித் தேருக்கு எப்படியும் வருவாய். ஒரு சனிக்கிழமையைச் சேர்த்துக்கொண்டு வா. சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கு இடுப்புத் தசைப் பயிற்சி நீ அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிக்கொடுக்கிறாய் அல்லவா, அதை இவர்களுக்கும் சொல்லிக்கொடு. நான் சொன்னால் சிரிக்கிறார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. நீ கண்டிப்பான ஆள், நீ சொன்னால் கேட்பார்கள்.

லாத்தா இன்னும் ஒரு மாதத்துக்குத் தறியில் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கட்டிலிலிருந்தே மகளைப் பிழிந்தெடுக்கிறார். நேற்று உன்னைப் பற்றிச் சொன்னபோது, அந்தப் பாயைக் கொண்டுவரச் சொன்னார். எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலை விட்டுப்போன அந்த ஒற்றெழுத்தோடு புதிசாக ஒன்று நெய்வதுதானாம். எந்த இடத்தில் எந்த எழுத்து என்று தாளில் பெரிதாக எழுதி அனுப்பு. வரும்போது உங்கள் பக்கத்துச் சந்தையில் நல்ல சதகுப்பை கிடைத்தால் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வா. இங்கே வருவது முழுக்கக் குச்சியும் தூசியும்.

அன்புடன்,
உன் கல்வத்துக்காரி