திருமணம் செல்லாது என்பது வேறு, விவாகரத்து வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் நீதிமன்றச் செய்திகளை ஒருநாள் விடாமல் படிப்பவன் நான். ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் அதையும் 'விவாகரத்து' என்றே தலைப்பில் போட்டுவிடுகிறீர்கள், இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. செல்லாதது ஆக்குவதற்கு ஆங்கிலத்தில் 'அன்னல்' என்று தனி வினைச்சொல்லே உண்டு.

வருடாந்திரம் என்று பொருள்படும் 'ஆனுவல்' என்ற சொல்லுக்கு இது சொந்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்தமே கிடையாது. இதன் வேர் லத்தீனின் 'நுல்லுஸ்'. அதைப் பிரித்தால் முன்னால் இல்லை என்ற பொருளில் ஒரு 'நெ', பின்னால் 'உல்லுஸ்', அந்த உல்லுஸுக்குள் 'ஊனுஸ்', அதாவது ஒன்று என்ற எண். நாம் 'ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான்' என்கிறோமே, அச்சு அசல் அதேதான்! பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது.

விவாகரத்து என்றால் இருந்த கல்யாணம் முடிந்தது. அன்னல் என்றால் சட்டத்தின் கண்ணில் அந்தக் கல்யாணமே நடக்கவில்லை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி தன் மனைவி கேத்தரினை விவாகரத்து செய்தார் என்றே எல்லோரும் எழுதுகிறோம், ஆனால் அவர் கேட்டது வேறு. அண்ணனின் விதவையை மணந்ததே தவறு, ஆகவே அது திருமணமே இல்லை என்று அறிவிக்கச் சொன்னார். போப் இசையவில்லை, 1533 மே மாதம் பேராயர் கிரான்மர் அப்படியே அறிவித்தார். 1509இல் மணமாகி ராணியாக இருந்தவர், அதன்பின் வெறும் அண்ணனின் விதவை என்றாகிவிட்டார். மகள் மேரிக்கு வாரிசு உரிமையும் போனது. ஒரு சொல் செய்த வேலை இது.

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர். ஏற்கெனவே மனைவி இருப்பதை மறைத்து ஒருவன் அவரை மணந்தான், அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பும் வாங்கிவிட்டார். இன்னமும் உறவினர்கள் 'டைவர்ஸ் ஆனவள்' என்கிறார்கள். ஒருமுறை ஏதோ விண்ணப்பத்தில், 'விவாகரத்தானவர்' என்ற கட்டத்துக்கு மேல் பேனாவைப் பிடித்தபடி அவர் எழுதாமலே உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

'திருமணம் ரத்து' என்று போட்டாலும் சரிப்படாது, விவாகரத்துக்குள்ளேயே ரத்து இருக்கிறதே. செல்லாக் காசு என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, அதே மாதிரி 'திருமணம் செல்லாது' என்று போடுங்கள். அடுத்த முறை அப்படி ஒரு தீர்ப்பு வரும்போது தலைப்பில் அந்தச் சொல்லைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்