முடிக்கொத்து வாழையைத் தயவுசெய்து விட்டுவைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏக்கர் கணக்கில் வாழை வைத்தவர்களின் அனுபவங்களை உங்கள் வேளாண் பக்கத்தில் விடாமல் படித்து வருகிறேன். நான் காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். எங்கள் கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலத்தில் இடம். அதில் நான்கு வாழை நிற்கிறது. அந்த நான்கைக் காப்பாற்றப் பட்ட பாட்டில், என்னைப்போல் வீட்டில் வாழை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: முடிக்கொத்து என்ற நோய் வந்த வாழையை விட்டுவைக்காதீர்கள்.

2022 ஆவணியில் ஒரு வாரச் சந்தையில் மூன்று ஏலக்கிக் கன்று வாங்கி வந்தேன். இலை அகலமாக, பார்க்கச் செழிப்பாக இருந்ததால் நல்ல கன்று என்று நம்பிவிட்டேன். சின்ன வயதிலேயே அகல இலை விட்டால் அது நீர்க்கன்று. கிழங்கில் வலு இருக்காது. அடி பருத்து, இலை கத்திபோல் ஒடுங்கி நிற்கும் ஈட்டிக்கன்றைத்தான் நடவுக்கு எடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

ஐப்பசியில் மூன்றில் ஒன்று வளராமல் அப்படியே நின்றது. புதிதாக வந்த இலைகள் ஒன்றைவிட ஒன்று குட்டையாக, விளிம்பு மஞ்சளாகி, நிமிர்ந்து நின்றன. எல்லாம் உச்சியில் ஒரே இடத்தில் சேர்ந்து, பூங்கொத்தைக் கட்டி வைத்ததுபோல் இருந்தது. மழை போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். தை மாதத்துக்குள் மற்ற இரண்டும் அதே கோலத்துக்கு வந்துவிட்டன.

பாலக்கோடு பக்கம் விவசாயம் செய்யும் என் அண்ணன் வந்தபோதுதான் விவரம் தெரிந்தது. இலைக்காம்பின் அடிப்பக்கத்தில் படிந்திருந்த வெள்ளை மாவை விரலால் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். கரும்பச்சையில் சின்னச் சின்னக் கோடுகள். ஒன்று நீளம், ஒன்று புள்ளி, மறுபடி நீளம் என்று, என் தையல் இயந்திரத்தில் நூல் அறுந்து அறுந்து ஓடினால் துணியில் விழுமே, அச்சாக அப்படி. பிறகு தண்டின் அடியில் ஒரு மட்டையை மெல்லப் பிரித்தார். உள்ளே கடுகைவிடச் சிறிய கரும்பழுப்பு அசுவினிப் பூச்சிகள் கூட்டமாக அப்பியிருந்தன. அவற்றின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்த எறும்பு வரிசையை நான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதுதான் முடிக்கொத்து நோய். வைரஸால் வருவது. மருந்து கிடையாது. உரம் போட்டாலும் தண்ணீர் விட்டாலும் தேறாது. நோயுள்ள கன்றை நட்டால் வரும்; இல்லாவிட்டால் அசுவினி ஒரு வாழையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். பிடுங்கிப்போடுவதுதான் ஒரே வழி.

பிடுங்க வேண்டும் என்றதும் என் மாமியார் அழுதுவிட்டார். வாழையடி வாழையாக வர வேண்டியதை வெட்டுவாயா என்று கேட்டார். அவர் மனம் எனக்குப் புரியாமல் இல்லை. நல்ல காரியத்துக்கு வாசலில் கட்டுகிற மரம். அரிவாளை எடுக்க எனக்கும் கை வரவில்லை. அந்தத் தயக்கத்தில்தான் இரண்டு வாரம் வீணாகிவிட்டது.

பிடுங்குவதிலும் ஒரு முறை உண்டு. எடுத்தவுடன் வெட்டினால் அசுவினிகள் பக்கத்து வாழைக்குப் போய்விடும். அதனால் முதலில் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீரைக் குருத்திலும் மட்டை இடுக்கிலும் நனைய நனைய அடித்து, பூச்சி செத்ததை உறுதிசெய்துகொண்டு, பிறகு கிழங்கோடும் பக்கக்கன்றுகளோடும் தோண்டி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி வெயிலில் காயவிட வேண்டும். நாங்கள் ஒரு குழியில் உள்ளங்கை அளவு கிழங்கை விட்டுவிட்டோம். பங்குனியில் அதிலிருந்து ஒரு முளை கிளம்பியது. வரும்போதே முடிக்கொத்தோடு வந்தது. மறுபடி தோண்டினோம்.

அதன்பின் நோயில்லாத கன்று தேடி அலைந்தது தனிக் கதை. தாய்மரத்தில் வைரஸ் இல்லை என்று சோதித்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் திசு வளர்ப்புக் கன்றுதான் வேண்டும் என்று ஒரு நாற்றுப் பண்ணையில் கேட்டேன். நான்கு கன்றெல்லாம் தர முடியாது, குறைந்தது ஐம்பது எடுக்க வேண்டும் என்றார்கள். ஐம்பது கன்றை நான் எங்கே நடுவேன்? கடைசியில் அண்ணன் தன் வயலுக்கு வாங்கியதில் நான்கைக் கொடுத்தார். 2023 ஆடியில் ஆறடி இடைவெளி விட்டு நட்டோம். ஒகேனக்கல் குடிநீரைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வராது. அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் குழிக்குப் போயின. தொழு உரம், சாம்பல், கோடையில் வாரம் இரண்டு முறை கிணற்றுத் தண்ணீர், அவ்வளவுதான். மறுவருடம் வைகாசியில் முதல் குலை தள்ளியது. ஆடிக் காற்றுக்கு மூங்கில் முட்டுக் கொடுத்தோம். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு எட்டுச் சீப்பு வெட்டினோம். முதல் சீப்பைச் சாமிக்கு வைத்தது மாமியார்தான்.

இவ்வளவும் எழுதக் காரணம், எங்கள் தெருவிலேயே இன்றைக்கும் இரண்டு கொல்லைகளிலும் ஒரு காலி மனையிலும் முடிக்கொத்து வாழைகள் நிற்பதுதான். ஒரு வீட்டுக்காரரிடம் சொன்னேன். காய்க்காவிட்டால் என்ன, சாப்பிட இலையாவது ஆகுமே என்றார். அந்த இலை தொட்டாலே ஒடிகிறது. ஆனால் அதில் ஏறும் ஒவ்வோர் அசுவினியும் அடுத்த வீட்டு வாழைக்கு நோயைச் சுமந்து போகும். திசு வளர்ப்புக் கன்று என்பதால் என் வாழைக்கு வராது என்று நான் நிம்மதியாக இருக்க முடியாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழை சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் பெருமளவு அழிந்ததற்கு இந்த நோய் முக்கியக் காரணம். மலை மலையாக அழித்த நோய்க்குப் பன்னிரண்டடிக் கொல்லை எந்த மூலைக்கு?

தோட்டக்கலைத் துறைக்கு என் வேண்டுகோள்: சோதித்த கன்றுகளை வீட்டுக்காரர்களுக்கு இரண்டு, மூன்று என்று விற்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் ஊருக்கு அருகே பையூரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கிடைக்கச் செய்தாலே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பலருக்குப் பயன்படும். தங்களுக்கு என் வேண்டுகோள்: அந்தக் கரும்பச்சைக் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு வண்ணப் படத்தை ஒருமுறை பெரிதாக வெளியிடுங்கள். எழுத்தில் படிப்பதைவிடப் படத்தைப் பார்த்தால் எங்கள் பெண்கள் அன்றைக்கே கொல்லைக்குப் போய்த் தேடுவார்கள்.

என் வாழையடியில் இப்போது இரண்டு ஈட்டிக்கன்றுகள் நிற்கின்றன. வாரம் ஒருமுறை காம்பைத் துடைத்துப் பார்த்து வருகிறேன். இதுவரை கோடு எதுவும் இல்லை. இலைக்காக வைத்திருக்கிறேன் என்றவரிடம் சொல்லியிருக்கிறேன்: அவர் அந்த வாழையைக் கிழங்கோடு எடுத்து, குழியில் மறுமுளை வரவில்லை என்று இரண்டு மாதம் பார்த்த பிறகு, ஒரு கன்று அவருக்குத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.