வயதைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்: நம் ஊர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கார் இன்சூரன்ஸ் போட்டுத் தரும் அண்ணன்மார்களுக்கும், ஷோரூம் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. காவேரிப்பட்டணத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வர ஒரு பழைய கார் பார்த்து முடித்தோம். இன்சூரன்ஸுக்கு விசாரித்தால் உங்களில் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, "சின்னப் பொண்ணு ஓட்டறதா இருந்தா பிரீமியம் ஏறும்மா" என்கிறார். இன்னொருவர் அதற்கும் மேலே போய், பாலிசியில் பெண்ணின் பெயரைச் சேர்க்கத் தனியாகப் பணம் கட்டணும் என்கிறார்.

இது எந்த ஊர்க் கதை என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்து விலை போடுவார்கள், பதின்வயதுப் பிள்ளை வண்டியைத் தொட்டாலே பிரீமியம் எகிறும். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு வந்து என் பெண்ணே என்னிடம் கேட்டாள். நம் நாட்டில் இன்சூரன்ஸ் போடுவது வண்டிக்கு. சொந்தக் கார் பாலிசியில், செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கிற யார் ஓட்டினாலும் செல்லும், எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் கூட எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவரைப் பக்கத்தில் உட்காரவைத்து விதிப்படி ஓட்டினால் செல்லும் என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டி இடித்த அடுத்தவருக்கான காப்பின் கட்டணத்தை மத்திய அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த பட்டியலில் 1000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜி.எஸ்.டி. தனி. அந்தப் பட்டியலில் ஓட்டுகிறவரின் வயதுக்கு ஒரு கட்டமே கிடையாது.

ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான காப்பின் பக்கம் வேறு. 2007-இலிருந்து அதற்குக் கம்பெனிகளே விலை வைக்கின்றன, ஆளுக்கு ஒரு கணக்கு. பேரம் பேச இடம் இருப்பதும் அங்கேதான். ஆனால் நீங்கள் இரண்டையும் கூட்டி, மேலே ரோட்சைடு அசிஸ்டன்ஸ், சாவி தொலைந்தால் காப்பு என்று ஏதேதோ சேர்த்து, ஒரே தொகையாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் நாங்கள் எதைக் குறைக்கச் சொல்வது? "ஷோரூம்லயே போட்டாதான் கேஷ்லெஸ்" (ரிப்பேர் பில்லைக் கம்பெனியே நேராக ஒர்க் ஷாப்புக்குக் கட்டுவது) என்ற வசனத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்தக் கம்பெனியில் போடுவது என்பது வாங்குபவர் விருப்பம். கேஷ்லெஸ் கிடைப்பது அந்தக் கம்பெனிக்கும் ஒர்க் ஷாப்புக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

சரி, விலை கூடக்குறைய இருக்கட்டும். எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில்.

வயதைச் சொல்லிப் பயமுறுத்திய யாருமே, பெண்ணுக்கு உண்மையிலேயே எது இல்லை என்று சொல்லவில்லை. பாலிசியில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கிறது. அது வண்டியின் உரிமையாளருக்கு, அவர் லைசென்ஸ் வைத்திருந்தால் மட்டும். ஆர்.சி. அப்பா பெயரில் இருந்து, மகள் ஓட்டிப்போய் அடிபட்டால், பாலிசியில் எழுதியிருக்கிறபடி அந்த 15 லட்சம் அவளுக்கு இல்லை. அவள் தேர்டு பார்ட்டியும் இல்லை, ஏனென்றால் உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்பதுதான் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. அவள் இடித்த ஆளுக்குக் காப்பு இருக்கிறது, இடிபட்ட பம்பருக்கும் இருக்கிறது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவளுக்கு மட்டும் எதுவும் கிடையாது. லாரிக்காரர்கள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் தொப்பூர் கணவாய் வழியாகத்தான் நாங்கள் சேலம் போய்வர வேண்டும். இதைச் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகுமா?

இதற்கு வழியும் இருக்கிறது. வண்டியைப் பெண்ணின் பெயரிலேயே பதிவு செய்தால் அந்த 15 லட்சக் காப்பு அவளுக்கு வந்துவிடும். அப்பா முன்பு விற்ற காரின் என்.சி.பி. (கிளைம் போடாத வருடங்களுக்கான தள்ளுபடி) கடிதத்தைக் காட்டி (மூன்று வருடத்துக்குள் என்றால் செல்லும்) 50 சதவீதம் வரை தள்ளுபடி வாங்கலாம் என்ற வாய்ப்பு மட்டும் அப்போது போய்விடும், என்.சி.பி. ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்தது அல்ல. பழைய காருக்கு ஐ.டி.வி. (இன்சூரன்ஸுக்காகக் கணக்கிடும் வண்டியின் மதிப்பு) குறைவு, ஓன் டேமேஜே சின்னத் தொகை, அதில் பாதி எவ்வளவு வந்துவிடப் போகிறது? நான் பெண் பெயரில் என்றுதான் சொல்வேன். அப்பா பெயரில்தான் வேண்டும் என்கிறவர்கள், பெண்ணின் பெயரைக் குறிப்பிட்டு விபத்துக் காப்பீட்டைச் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம், இல்லாவிட்டால் தனி விபத்துப் பாலிசி எடுக்கலாம். அப்புறம் பேங்க் கணக்கு இருந்தாலே பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு இருக்கிறது, வருடத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம், 18 வயதிலிருந்து சேரலாம். இதில் உங்களுக்குக் கமிஷன் இல்லைதான்.

பழகுகிற கை எங்கே இடிக்கும்? பம்பரில்தான். கேட்டில் திரும்பும்போது, ரவுண்டானா நெரிசலில், வீட்டுத் திண்ணையில். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிட்டுத்தான் கிளைம் தருவார்கள். ஆகவே புதுக் கார் வாங்குகிற வீட்டுக்கு பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத காப்பு) போடுங்கள் என்று தாராளமாகச் சொல்லுங்கள், அது நியாயமான செலவு. எட்டு வருடக் காருக்கும் அதையே சொல்லி வாயில் நுரை தள்ள வேண்டாம். சின்னக் கீறலுக்குக் கிளைம் போட்டால் சேர்த்த என்.சி.பி. மொத்தமும் பூஜ்ஜியமாகும், டிங்கர் கடையில் கைக்காசைக் கொடுப்பதே லாபம் என்பதையும் சொல்லுங்கள்.

ஓசூர், பெங்களூர் பக்கம் பழைய கார் எடுப்பவர்கள் இங்கே அதிகம். ஆர்.சி. மாறினால் போதாது, பாலிசியையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். தேர்டு பார்ட்டி தானாக வந்துவிடும், ஓன் டேமேஜ் வராது. இதைச் சொல்லாமல் விட்டதால் தவித்த குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

இன்னொன்று. பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்கு "ஒண்ணும் ஆகாது, ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொல்லி வண்டியை டெலிவரி கொடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவன் கையில் அந்த ஃபுல் இன்சூரன்ஸ் அவன் குடும்பத்துக்கு வெறும் காகிதம். சட்டத்தின் 199ஏ பிரிவில் அப்பாவுக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை.

எங்களுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. தேர்டு பார்ட்டி, ஓன் டேமேஜ், விபத்துக் காப்பீடு, மற்றவை என்று தனித்தனி வரியாக எழுதி, ஓட்டுகிற பெண்ணுக்கு என்ன உண்டு என்ன இல்லை என்று வாயைத் திறந்து சொல்கிறவரிடம் போடுவோம். இருநூறு முந்நூறு கூட ஆனாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் அம்மா