தராசில் கிலோ குறைந்தால் கையைப் பாருங்கள்

மலையகத் தோட்ட முகாமையாளர்களுக்கும் தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும்,

வணக்கம்.

என் அத்தை இருபது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். ஒரு வருடம் அவருடைய நிறுவை இறங்கிக்கொண்டே போனது. சோம்பல் என்று கங்காணி ஏசினார். பல நாள் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி, நிமிராமல் நின்றதைத் தோட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. முழங்கைக்கு மேலே இருந்த வெளிறிய தேமலைக் கிள்ளினால் வலிப்பதில்லை என்பதை அவரும் சொல்லவில்லை. சொன்னால் பீலியில் தண்ணீர் பிடிக்கக்கூட விடமாட்டார்கள் என்று பயம். 1708இல் ஒல்லாந்தர் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் தொழுநோயாளருக்குத் தனி வைத்தியசாலை கட்டிய நாட்டில், 'பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்' என்ற பயம் லேசில் போகாது.

அது தொழுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 12 மாதம் இலவச மாத்திரை குடித்தார், நோய் குணமானது. விரல்கள் நிமிரவில்லை.

விரல் அழுகி விழும் வியாதி என்று லயத்து வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். அப்படியில்லை. தோலோடு சேர்த்து நரம்பையும் கிருமி தாக்குகிறது. முழங்கையில் ஓடும் நரம்பு கெட்டால் அந்த இரண்டு விரல்களும் மடங்கும், கட்டைவிரலின் பிடியும் தளரும். அந்தப் பிடி இல்லாமல் கொழுந்து கிள்ளுவது எப்படி? முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பு கெட்டால் பாதம் தொங்கும், முகத்து நரம்பு கெட்டால் கண் மூடாது. உணர்வில்லாத கையைக் குளிருக்கு அடுப்பில் காட்டினால் சுடுவது தெரியாது. கவ்வாத்து வெட்டிய மலையில் வெறுங்காலோடு நடந்தால் குச்சி குத்தியது தெரியாது. வலிக்காத புண்ணோடு வேலைக்குப் போவார்கள். புண் ஆழமாகி, சீழ் பிடித்து, எலும்பு வரை போகும். விரல் குட்டையாவது அதனால்தான்.

நரம்பு தளர்ந்து ஆறு மாதத்துக்குள் பிரட்னிசலோன் மருந்தைத் தொடங்கினால் பலருக்குப் பலம் திரும்பும். அந்த ஆறு மாதத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். நன்றாக எடுத்த ஒருவருடைய கிலோ காரணமில்லாமல் குறைந்தால், திட்டுவதற்கு முன்னால் மருந்துக்காம்பராவுக்கு அனுப்புங்கள். கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் கையிலும் பாதத்திலும் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சந்தேகம் என்றால் தோல் கிளினிக்குக்கு அனுப்புங்கள், அன்றைய பேரை வெட்டாதீர்கள். அப்புறம், அவரோடு ஒரே காம்பராவில் படுக்கிற பிள்ளைகளையும் பாருங்கள்.

1995இல் நாட்டளவில் இந்த நோயாளர் தொகை பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்தது. அதோடு எல்லோரும் மறந்துவிட்டோம். புதிய நோயாளர்கள் வருடாவருடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே கை கால் பாதித்தவர்களுக்கு மெத்தென்ற உள்ளடி வைத்த செருப்பும், கத்தியும் நெருப்பும் இல்லாத ஒரு வேலையும் கொடுங்கள். அத்தையின் பெயரைத் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் இருந்து எடுத்தபோது 'மற்றவர்களுக்குத் தொற்றும்' என்றார்கள். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தொற்றுவது நின்றுவிடும். அவரோ மருந்தை முடித்து எட்டு மாதமாகியிருந்தது. ஒவ்வொரு இரவும் கை கால்களைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, விளக்கடியில் புதிய காயம் இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்ப்பார். அவ்வளவு கவனமானவரால் நாற்றுமேடையில் இன்னும் பத்து வருடம் வேலை செய்திருக்க முடியும்.