சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்து வைத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
நிர்வாகப் பொறுப்பாளர்,
இரத்தப் பரிசோதனை நிலையம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 11.10.2021

பொருள்: தங்கள் ஆய்வக மென்பொருளில் உள்ள, இணைய இணைப்பைப் பாதுகாக்கும் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியால் ஏற்பட்ட இணைப்புக் கோளாறும், அதற்குத் தங்கள் ஊழியர் செய்த தவறான சரிசெய்தலும்.

ஐயா,

கடந்த 30.09.2021 வியாழக்கிழமை இரவு 7.30 மணிக்குப் பிறகு, எங்கள் மூன்று மாதிரி சேகரிப்பு மையங்களிலிருந்தும் எங்கள் சர்வருக்கு எந்தப் பதிவும் வந்து சேரவில்லை. சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் மின்னணுச் சான்றிதழைக் குறித்து, ‘சான்றிதழ் காலாவதியாகிவிட்டது’ என்ற பிழைச்செய்தி மட்டுமே திரையில் வந்தது. மறுநாள் காலையில், வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்த முதியவர்களை உட்கார வைத்துவிட்டு, அவர்களுடைய விவரங்களைத் தாளில் எழுதித் தொலைபேசியில் வாசித்து வேலையை ஓட்டினோம்.

தங்கள் உதவி மையத்தை மூன்று முறை அழைத்தோம். மூன்று முறையும் எங்கள் சர்வரின் சான்றிதழைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அந்தச் சான்றிதழ் டிசம்பர் வரை செல்லும் என்பதையும், அதே முகவரி குரோமிலும் கைபேசியிலும் தடையின்றித் திறக்கிறது என்பதையும் நாங்கள் எடுத்துச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. ஆகவே தங்கள் மென்பொருளின் கோப்புறையில் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையைக் கொண்டே நான் சோதித்துப் பார்த்தேன். அதன் பதிப்பு 1.0.2. ஒரு சான்றிதழுக்கு அதன் மேலுள்ள மற்றொன்று சான்று சொல்லும் சான்றிதழ்ச் சங்கிலியில், பிழை காட்டிய இடம் எங்கள் சான்றிதழ் அன்று. சங்கிலியின் உச்சியில் உள்ள ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ என்ற பழைய மூலச் சான்றிதழ். அது காலாவதியானது அன்றிரவு, இந்திய நேரப்படி 7.31 மணிக்கு.

எங்களுடையதைப் போல, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வழங்கும் சான்றிதழ்களுக்கு ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ என்ற புதிய மூலச் சான்றிதழ் இருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்காகவே சங்கிலியில் பழையதையும் சுட்டும் இணைப்பை வைத்திருக்கிறார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 முதலான பதிப்புகள் தம்மிடம் உள்ள நம்பகமான மூலத்தை முதலில் தேடுவதால் புதியதோடு நின்றுவிடுகின்றன. 1.0.2 பதிப்போ, சர்வர் அனுப்பிய வழியிலேயே மேலே ஏறிப் பழையதில் போய் முட்டிக்கொள்கிறது. இதைச் செப்டம்பர் 13 அன்றே ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர் மாற்று வழிகளோடு அறிவித்திருந்தார்கள். அந்தப் பதிப்புக்கான பொது ஆதரவே 31.12.2019 அன்று முடிந்துவிட்டது. அதற்குப் பின்னும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைத் தவறாமல் பெற்று வந்திருக்கிறீர்கள்.

ஒரு கணினியில், மென்பொருளோடு வரும் நம்பகச் சான்றிதழ்த் தொகுப்பிலிருந்து பழைய மூலத்தை நீக்கிப் புதியதைச் சேர்த்தேன். இணைப்பு உடனே வந்தது. ஆனால் அக்டோபர் 6 அன்று தாங்கள் அனுப்பிய அப்டேட் அந்தக் கோப்பின் மேல் பழைய தொகுப்பையே மறுபடி எழுதிவிட்டது. மீண்டும் அழைத்தபோது, தொலைவிலிருந்து எங்கள் கணினிகளுக்குள் வந்த தங்கள் ஊழியர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அமைப்புகளில் ‘சான்றிதழ் சரிபார்ப்பு’ என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டார்.

இதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. சரிபார்ப்பு இல்லாத இணைப்பில் தகவல் மறையாக்கம் ஆகிச் சென்றாலும், மறுமுனையில் இருப்பது எங்கள் சர்வர்தானா என்று மென்பொருள் பார்ப்பதே இல்லை. இடையில் இருக்கும் ஒருவர் தம்முடைய சான்றிதழைக் காட்டி அனைத்தையும் படித்துவிடலாம். அந்த வழியாகச் செல்பவற்றில் நோயாளியின் பெயரும், கைபேசி எண்ணும், எச்ஐவி பரிசோதனை முடிவும் இருக்கின்றன. எங்களை நம்பிக் கை நீட்டியவர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

எனவே, மென்பொருளில் உள்ள ஓப்பன்எஸ்எஸ்எல்லை, ஆதரவில் உள்ள 1.1.1 பதிப்புக்கு எப்போது மாற்றுவீர்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதுவரை, திருத்திய சான்றிதழ்த் தொகுப்பையே அப்டேட்டில் அனுப்ப வேண்டும். எங்கள் கணினிகளில் சரிபார்ப்பை நாங்களே மீண்டும் இயக்கிவிட்டோம்; இதே முறையில் அணைத்து வைத்த மற்ற ஆய்வகங்களுக்கும் தாங்கள் தகவல் தர வேண்டும். இவை நடக்கும் வரை, நவம்பரில் செலுத்த வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைத்துள்ளோம்.

இப்படிக்கு,
நிர்வாகப் பொறுப்பாளர்